1992 மஸ்டாங் 5.0, ஸ்மாக் டெஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடு ஃபெயில்: புது கன்வெர்ட்டர் போட்டால் போதுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் 1992 ஃபோர்டு மஸ்டாங் 5.0 வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் மாற்றுக் குழாய்கள்) மாட்டி, டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) 14 டிகிரிக்கு ஏற்றி, 160 டிகிரி தெர்மோஸ்டாட்டும் போட்டிருக்கிறார். ஸ்மாக் டெஸ்டில் (வண்டிப் புகைச் சோதனையில்) ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு இரண்டும் பாஸ். நைட்ரஜன் ஆக்சைடு ஃபெயில். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றினால் சரியாகுமா?

பதில்:

கன்வெர்ட்டரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் ரிப்போர்ட்டே காரணத்தைப் பாதி சொல்லிவிட்டது.

கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஹைட்ரோகார்பன் கூடினால் எங்கோ எரியாமல் வெளியேறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் கூடுகிறது என்றால் சிலிண்டருக்குள் எரியும் சூடு அளவு மீறுகிறது, அல்லது கலவையில் காற்று மிகுந்திருக்கிறது. ஏறக்குறைய 1,370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர ஆரம்பிக்கும். அந்தச் சூட்டை ஏற்றுபவை எவை என்று பாருங்கள்.

முதல் குற்றவாளி டைமிங். இந்த இன்ஜினுக்குக் கம்பெனி அளவு 10 டிகிரி. சோதனையில் 3 டிகிரி முன்பின் இருக்கலாம். 14 டிகிரி அந்த வரம்புக்கு வெளியே. புகை அளவு தேறினாலும் டைமிங்குக்காகவே ஃபெயில் போடலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பின், டிஸ்ட்ரிபியூட்டர் அருகே வயரிங்கில் இருக்கும் சின்ன 'ஸ்பவுட்' இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் டைமிங் லைட் அடிக்க வேண்டும். மாட்டியபடி அடித்தால் கம்ப்யூட்டர் கூட்டிய அட்வான்ஸும் சேர்ந்து தெரியும். 8 டிகிரியில் வைப்பது விதிக்கு உட்பட்டதே. தீப்பொறி சற்றுத் தாமதமாக விழுவதால் எரியும் உச்சச் சூடு இறங்கும். வெளியேறும் புகையின் சூடு ஏறி கன்வெர்ட்டர் சீக்கிரம் வேலைக்கு வரும். முடிந்ததும் ஸ்பவுட்டைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள், மறந்தால் டைமிங் அங்கேயே நின்று வண்டி எருமை மாதிரி நகரும்.

ஒரு எச்சரிக்கை. முப்பது வருட வண்டியில் கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெளி வளையம் ரப்பர் விட்டு நகர்ந்திருக்கும் வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் அதில் உள்ள கோடு பொய் சொல்லும். முதல் சிலிண்டர் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள்.

அடுத்தது ஈ.ஜி.ஆர் வால்வு. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரியும் சூட்டைத் தணிப்பதுதான் அதன் வேலை. டைனோ உருளைமேல் மணிக்கு 15 மைல், 25 மைல் வேகங்களில் சுமையோடு ஓட்டும்போது அது திறந்திருக்க வேண்டும். கைப் பம்பால் வால்வுக்கு 10 அங்குல வேக்குவம் கொடுங்கள். ஐட்லிங்கில் இன்ஜின் தடுமாற வேண்டும், அணைந்தால் இன்னும் நல்லது. ஒன்றுமே ஆகவில்லை, ஆனால் வேக்குவம் நிற்கிறது என்றால் வால்வு நல்லது, வழி அடைத்திருக்கிறது. த்ராட்டில் பாடியை ஒட்டிய ஸ்பேசரையும் இன்டேக்கில் உள்ள துளைகளையும் கரி போகச் சுரண்டுங்கள். வேக்குவமே நிற்கவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்தது. வால்வு சரியாகத் தடுமாற வைத்தும் ஓட்டத்தில் திறக்கவில்லையா? வேக்குவம் விடும் சோலினாய்டையும் ஹோஸையும் பாருங்கள். பழைய உரிமையாளர்கள் அந்த ஹோஸில் ஒரு ஸ்க்ரூவையோ பால் பேரிங்கையோ அடைத்துவைப்பது சாதாரணம். கம்ப்யூட்டரின் சுயசோதனையில் ஈ.ஜி.ஆர் ஓட்டம் போதவில்லை என்ற குறியீடு வருகிறதா என்றும் பாருங்கள்.

இனி பலர் கவனிக்காத இடம், புகைப் பாதைக்குள் காற்றை ஊதும் ஸ்மாக் பம்ப். இன்ஜின் குளிராக இருக்கும்போது அதன் காற்று சிலிண்டர் ஹெட்களின் பின்புறக் குழாய்க்குப் போகும். சூடானதும் டைவர்ட்டர் வால்வு அதைத் திருப்பி கன்வெர்ட்டரின் நடுப்பகுதிக்கு அனுப்ப வேண்டும். வால்வு மாட்டிக்கொண்டு சூட்டிலும் ஹெட்டுக்கே காற்று போனால், கன்வெர்ட்டரின் முன்பகுதியில் ஆக்சிஜன் நிறைந்து நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க முடியாது. ஆக்சிஜன் சென்சாரும் ஏமாந்துபோய்ப் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். கூடிய பெட்ரோலும் அந்தக் காற்றில் எரிந்துபோவதால் கார்பன் மோனாக்சைடு பாஸ் ஆகிவிடும். உங்கள் ரிப்போர்ட் மாதிரியே! சூடான இன்ஜினில் ஹெட்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிக் கையை வையுங்கள்; காற்று வரக்கூடாது. ஹோஸ் உருகியிருந்தால் ஒருவழி வால்வு போய்விட்டது, புகை பின்னோக்கி வருகிறது.

கலவை பக்கம்: பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் அழுத்தம் சுமார் 39 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். குறைந்தால் ஃபில்டர் அல்லது பம்ப். 24 பவுண்டு இன்ஜெக்டருக்கென அளவு மாற்றிய காற்று மீட்டரை 19 பவுண்டு இன்ஜெக்டரோடு யாராவது மாட்டியிருந்தால், எந்தச் சரிசெய்தலும் நிற்காது. ஜோடியாகப் பழைய நிலைக்குக் கொண்டுபோங்கள்.

160 டிகிரி தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள். கம்பெனியில் வந்தது 190 ஃபாரன்ஹீட்டுக்குக் கொஞ்சம் மேல். குளிர்ந்த இன்ஜினில் கம்ப்யூட்டர் ஈ.ஜி.ஆரைத் திறக்காது. சூடு குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடும் குறையும் என்று நினைத்துப் போடுபவர்களுக்குப் பல நேரம் இதுதான் எதிராகத் திரும்புகிறது. அதற்காக ஓவர்ஹீட் ஆகவும் விடக்கூடாது: டைனோவில் எதிர்க்காற்று கிடையாது, எனவே ரேடியேட்டரும் ஃபேன் கிளட்சும் சரியாக இருக்க வேண்டும்.

ஹெடருக்கு வருவோம். அளவு எல்லாம் தேறினாலும் கண்பார்வைச் சோதனையில் அதுவே வீழ்த்தும். கலிஃபோர்னியா காற்று வள வாரியம் கொடுத்த அனுமதி எண் அதில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த எண் உங்கள் வருடத்துக்கும் மாடலுக்கும் பொருந்த வேண்டும். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் தயாரிப்பாளரிடம் மாற்று ஸ்டிக்கர் கேளுங்கள். நீளக் குழாய் ஹெடர் என்றால் கன்வெர்ட்டர் இடம் மாறியிருக்கும். அதைக் கழற்றிப் பழைய மேனிஃபோல்டைத் திரும்பப் போடுவதைத் தவிர வழி தெரியவில்லை. ஏர் இன்டேக் கிட்டுக்கும் இதே கதைதான்.

சோதனை அன்று ஃப்ரீவேயில் இருபது நிமிடம் ஓட்டி நேராக உள்ளே போங்கள். வரிசையில் காத்திருக்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள். கன்வெர்ட்டர் ஆறிவிட்டால் முதல் கட்டத்திலேயே தோற்கும். பேட்டரியைக் கழற்றியிருந்தால் ஓரிரு நாள் ஓட்டிய பிறகு போங்கள், கம்ப்யூட்டர் கற்றுவைத்த கலவைத் திருத்தம் அழிந்திருக்கும். முதலில் 'பிரீ-டெஸ்ட்' (சான்றிதழுக்குக் கணக்கில் வராத முன்னோட்டச் சோதனை) என்று சொல்லிக் கேளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து எண் மட்டும் இறங்கவில்லை என்றால் கன்வெர்ட்டர் வாங்கலாம். பிற மாநிலங்களில் விற்கும் மலிவுச் சரக்கு இங்கே செல்லாது. உங்கள் வண்டிக்கான கலிஃபோர்னியா அனுமதி எண் உடம்பில் பொறித்திருக்கிறதா, ஸ்மாக் பம்ப் காற்றுக்கான குழாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் குழாய் இல்லாததை வாங்கினால் அடுத்த முறை ஹைட்ரோகார்பனில் தோற்பீர்கள்.