தறிப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

சென்ற வாரம் சோமனூர் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பாவுக்கு எட்டு விசைத்தறி, கூலிக்கு நெசவு. அம்மா தார்க் குழலில் நூல் சுற்றுகிறார். மகள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். கணிதம் 88, இயற்பியல் 84, வேதியியல் 76. கட்-ஆஃப் 200க்கு 168 வருகிறது.

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன் ஒரு கல்லூரியில் பேசி வைத்திருக்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், கூடவே ஏ.ஐ. வருடத்துக்கு மூன்று லட்சம். தறிக்குடோன் பத்திரத்தை வங்கியில் வைத்தால் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். "மச்சான் சொல்றாருங்க, கம்ப்யூட்டர் இல்லைன்னா இனிமே பொழப்பே இல்லைன்னு. இவ மெக்கானிக்கல், மெக்கானிக்கல்னு நிக்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அப்பா. இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரம் ஆறுதலாகத்தான் பேசினேன். பத்திரம் என்ற சொல் இரண்டாவது முறை வந்ததும் நிறுத்திக்கொண்டேன். "அண்ணா, அந்தப் பத்திரத்தைத் திரும்பப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்" என்றேன். நாலு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம், அதற்கு வட்டி. அந்தக் கடனை அடைக்க வேண்டிய எட்டுத் தறியே அடகில் இருக்கும். கூலி குறைந்து இரண்டு மாதம் தறி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் வேறு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் சீட்டில் போய் உட்கார்ந்தால் அந்த உரிமை போய்விடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் படிக்கக்கூடிய பெண்ணுக்காகப் பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கக் கிளம்பியிருந்தார்கள். சொந்தத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

அப்படியென்றால் அதே ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸே எடுக்கலாமே என்று மாமன் போனில் கேட்டார். எடுக்கலாம். ஆனால் அவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று வீட்டில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

அவள் சொன்னது இது. ஊடை, அதாவது குறுக்கு நூல், கூடுதலாக ஓடட்டும் என்று அப்பா போன வருடம் ஒரு தறியின் மோட்டார் புல்லியை மாற்றினார். நிமிடத்துக்கு 150 பிக், அதாவது 150 முறை ஊடை போட்ட தறி, 180 ஓட ஆரம்பித்தது. அதிலிருந்து, ஊடையை அடித்து நெருக்கும் சட்டமான ஸ்லேயை ஆட்டும் கையின் போல்ட் வாரம் ஒருமுறை தளர்கிறது. "வேகம் கூட்டுனது அஞ்சுல ஒரு பங்குதானே சார், போல்ட் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் லூஸ் ஆகுது?"

ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினேன். பண்ணை என்ற சீப்பைத் தாங்கும் அந்த ஸ்லே முன்னும் பின்னும் போய்வருகிறது. போய்வரும் பொருளை ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தித் திருப்பி இழுக்க வேண்டும். அதற்கான முடுக்கம், சுற்றும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் 1.2 மடங்கு என்றால் முடுக்கம் 1.44 மடங்கு. முடுக்கம் ஏறிய அளவுக்கு விசையும் ஏறும். ஆக அந்த போல்ட் தாங்குவது 44 சதவீதம் கூடுதல் இழுவை.

இதோடு முடியவில்லை. தறியைச் சுற்றும் வளைந்த தண்டான கிராங்கின் ஆரம் ஏழரை சென்டிமீட்டர், அதை ஸ்லேயோடு இணைக்கும் கை முப்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 150 பிக்கில் ஸ்லே முன்னால் வந்து ஊடையை அடிக்கும் இடத்தில் முடுக்கம் சுமார் 23 மீட்டர்/வினாடி². பின்னால் போய்த் திரும்பும் இடத்தில் 14தான். ஒரே கிராங்க், ஒரே வேகம், இரண்டு முனையில் இரண்டு அளவு. இணைக்கும் கை நீளம் குறைவாக இருப்பதால் வரும் வித்தியாசம் இது. அதனால்தான் ஸ்லே பின்பக்கம் சற்றே தாமதிக்கிறது, அந்த இடைவெளியில் ஊடையைச் சுமக்கும் நாடா, பாவு என்ற நீள நூல்களுக்குள் புகுந்து கடந்துவிடுகிறது. முன்பக்கம் விறுக்கென்று வந்து அடிக்கிறது. அகலத் தறியில் நாடா ஓட நேரம் கூடுதலாக வேண்டும், அதற்காகவே கையைக் கிராங்குக்கு ஒப்பிடக் குட்டையாக வைப்பார்கள். 180 பிக்கில் முன்பக்க முடுக்கம் 33க்குப் போய்விடும். ஸ்லேயைத் திருப்ப அதன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான விசை வேண்டும், அதுவும் நிமிடத்துக்கு 180 தடவை.

அவள் கண் தாளைவிட்டு நகரவில்லை. "அப்ப இன்ஜின் பிஸ்டனும் இதே மாதிரியா சார்?" என்றாள். அதே சூத்திரம்தான். பிஸ்டன் பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்கும் டீசல் இன்ஜின், கைக்கும் கிராங்குக்கும் இதே விகிதத்தோடு, 1500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1500 சுற்று) ஓடினால், மேல்முனையில் அரை கிலோ பிஸ்டனைத் திருப்ப ஏறக்குறைய 79 கிலோ மூட்டையைத் தூக்கும் விசை வேண்டும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அந்த மூட்டை 300 கிலோவைத் தாண்டிவிடும். அவளே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள்.

ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். போனில் ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்தது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானியை வைத்து அதிர்வை அலைவரிசையாகப் பிரித்துக் காட்டும். தறி நிற்கும்போது, அசையும் பாகம் எதுவும் எட்டாத இடமாகப் பார்த்து, சட்டத்தில் இறுக்கமாக ஒட்டிவிட்டு அப்புறம் ஓட்டச் சொன்னேன். மூன்றாம் நாள் படத்தோடு வந்தாள். 3 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, 6ல் ஒரு மேடு. நிமிடத்துக்கு 180 என்றால் வினாடிக்கு 3, சரி. 1.5லும் சின்னதாக ஒன்று இருந்தது. அது என்ன என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே சொன்னாள்: "கீழ் ஷாப்ட் பாதி வேகத்துலதான் சுத்தும் சார். நாடாவை இடப்பக்கம் அடிக்கறதும் வலப்பக்கம் அடிக்கறதும் ஒரே பலத்துல இல்லைன்னு நினைக்கறேன்."

இப்படிப் பேசும் பெண்ணை, ஊர் சொல்கிறது என்பதற்காக வேறு படிப்பில் தள்ளுவதற்கு நான் ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கலந்தாய்வு, பாலிடெக்னிக், அரசுத் தேர்வு என்று எல்லோருக்கும் தெரிந்த வழிகளை இங்கே விட்டுவிடுகிறேன். யாரும் பேசாத ஒரு வேலையைச் சொல்கிறேன். ஓடும் எந்திரத்தின் முடுக்கத்தை அளந்து, அதன் உடம்புக்கு என்ன என்று சொல்லும் வேலை. தொழிற்சாலைகளில் இவர்களை வைப்ரேஷன் அனலிஸ்ட் என்பார்கள். பேரிங் கூட்டின் மேல் காந்தத்தோடு ஒரு சென்சார் ஒட்டி, படுக்கை, செங்குத்து, அச்சு என மூன்று திசையிலும் அளவு எடுப்பார்கள். மின் நிலைய டர்பைன் 3000 ஆர்.பி.எம். சுற்றினால் வினாடிக்கு 50 சுற்று. 50 ஹெர்ட்ஸில் மட்டும் மேடு உயர்ந்தால் பெரும்பாலும் எடை சமநிலை தவறியிருக்கும். 100ல் உயர்ந்தால் இரண்டு ஷாப்ட் நேர்கோட்டில் இல்லையோ என்று பார்ப்பார்கள். பேரிங் பாதையில் மயிரிழை விரிசல் விழுந்தால், அதன்மேல் ஒவ்வொரு உருளையும் ஏறி இறங்கும்போது ஒரு தட்டு. சுற்றும் வேகத்தின் முழு மடங்கில் வராமல் தனியான ஓர் அலைவரிசையில் அது தெரியும். காதுக்குச் சத்தம் கேட்கும் முன்பே தெரிந்துவிடுவதால், பேரிங் உடைந்து ஆலை நிற்கும் முன் மாற்றிவிடலாம்.

பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளைப் பார்க்காதவர் இல்லை. அந்தப் பெரிய இறக்கை நிதானமாகச் சுற்றும், கியர்பாக்ஸ் வழியாக ஜெனரேட்டர் பலமடங்கு வேகத்தில் ஓடும். மெதுவாகச் சுற்றும் பக்கம் முடுக்கம் மிகக் குறைவு என்பதால் அங்கே பழுதைப் பிடிப்பது கஷ்டம். அனுபவசாலிகளுக்கு மரியாதை கிடைப்பதே அங்கேதான். சிமெண்ட் ஆலை, சுத்திகரிப்பு ஆலை, கோவையின் பம்ப் கம்பெனிகள் என்று சுற்றும் எந்திரம் இருக்கும் இடமெல்லாம் இந்த வேலை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 18436-2 என்ற சர்வதேசத் தரநிலைப்படி இதற்கு நான்கு நிலைச் சான்றிதழ் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி, தேர்வு, கூடவே இத்தனை மாதக் கள அனுபவம் என்று வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலும் செல்லுபடியாகும்.

மேசையில் உட்கார்ந்து செய்யும் பக்கமும் உண்டு. புது எந்திரம் வடிவமைக்கும்போது ஒவ்வொரு பாகத்தின் முடுக்கத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கேம் என்ற புடைத்த சக்கரம் ஒன்று இன்ஜின் வால்வைத் தூக்குகிறது என்றால், எவ்வளவு தூக்குகிறது என்பதோடு முடுக்கம் திடீரென்று தாவுகிறதா, வழுக்கிக்கொண்டு ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். தாவினால் சத்தமும் தேய்மானமும் கூடும். மாமன் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்கிறாரே, இந்தக் கணக்கையெல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் போடுகிறார்கள். பைதான், மேட்லேப் போன்ற நிரல் மொழிகளை அவள் கற்றே ஆக வேண்டும். எந்திரம் புரிந்தவளுக்கு நிரல் எழுதுவது ஒரு கருவி.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கலில் முதல் சம்பளம் பெரும்பாலும் ஐ.டி.யை விடக் குறைவு. இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும். படிப்பிலும் இந்தப் பாடத்தைக் கண்டு பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பழைய பாடத்திட்டத்தில் கே.ஓ.எம். (கைனமேட்டிக்ஸ் ஆஃப் மெஷினரி), டி.ஓ.எம். (டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி) என்று எந்திர இயக்கம் பற்றி இரண்டு தாள், அரியர் வைத்தவர்கள் ஏராளம். கொரியோலிஸ் முடுக்கம் வந்தால் திசையைத் தப்பாகப் போட்டு மார்க்கைக் கோட்டைவிடுவார்கள். சுற்றும் ராட்டினத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நடந்தால் பக்கவாட்டில் ஒரு தள்ளல் வருமே, அதற்கான காரணம்தான் அது. 1835ல் பிரெஞ்சுக்காரர் கொரியோலிஸ் எழுதியதே எந்திரங்களைப் பற்றித்தான். என்.பி.டெல் என்ற இணையத் தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் வகுப்புகள் இலவசம். முதல் வருட விடுமுறையிலேயே பார்க்கத் தொடங்கட்டும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்விலும் இது அப்படியே வருகிறது. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

"பொண்ணு ஃபேக்டரிக்குப் போவாளா" என்று பெரியம்மா ஒருவர் கேட்டாராம். பத்து வயதிலிருந்து தறிக்குடோனில் அறுந்த நூலை முடிச்சுப் போடும் பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

அண்ணா, திங்கட்கிழமை பள்ளிக்குப் போங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் வாங்குங்கள், நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியிலும். விருப்பப் பட்டியலில் மெக்கானிக்கலை மேலே போடுங்கள். கல்லூரிகளை அவளே வரிசைப்படுத்தட்டும், ஆய்வகத்தை நேரில் பார்த்துவிட்டு. மாமனிடம் நான் பேசுகிறேன். அப்புறம், அந்தத் தறிக்குப் பழைய புல்லியையே மாட்டிவிடுங்கள். மாட்டியதும் அவள் போனை ஒட்டிப் பார்ப்பாள். மேடு 2.5க்கு வந்துவிட்டதா என்று எனக்கும் சொல்லச் சொல்லுங்கள்.