அடர்த்தி 1.06 எப்படி வருகிறது?

பாம்பனில் 14 நாட்டுப்படகுக்காரர்களிடம் 'மீன்பாடு எங்கே என்று யாரிடம் சொல்வீர்கள்' எனக் கேட்டு, 'இவர் அவரிடம் சொல்வார்' என்ற 70 வரிகளை ஆர் மென்பொருளில் ஐகிராஃப் என்ற வலைப்பின்னல் தொகுப்புக்குக் கொடுத்தால் ஆளுக்கொன்றாக 12 புள்ளியும், அடர்த்தி (இருக்கக்கூடிய தொடர்புகளில் உண்மையில் இருப்பவற்றின் பங்கு) 1.06-உம் வருகிறது, ஒன்றைத் தாண்டலாமா என்கிறீர்கள். தாண்டக் கூடாது. டைரக்டட் ஃபால்ஸ், அதாவது திசை வேண்டாம் என்று போட்டிருப்பீர்கள்; 12 பேருக்குள் ஜோடி 66தான், அவர் இவரைச் சொன்னதும் இவர் அவரைச் சொன்னதும் தனித்தனிக் கோடாக விழுந்து 70/66 ஆகிவிட்டது. உங்கள் கேள்விக்குத் திசை உண்டு, பாடு கிடைத்த இடத்தை எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிவிடுவார்களா என்ன! திசையோடு வைத்தால் ஒரு ஜோடிக்கு இரண்டு கோடு வரலாம், 70/132, அதாவது 0.53. திசையே வேண்டாமென்றால் முதலில் சிம்ப்ளிஃபை என்ற கட்டளையைப் போட்டு இரட்டைக் கோடுகளை ஒன்றாக்குங்கள்.

சரி, மிச்சம் 2 பேர் எங்கே? தொண்டியில் கணக்கெடுத்தபோது நானும் இதில்தான் ஏமாந்தேன். யாரையும் சொல்லாத, யாரும் சொல்லாத ஆள் அந்த வரிகளில் வரவே மாட்டார். 14 பெயரையும் தனிப் பட்டியலாக வெர்டிசஸ் என்ற இடத்தில் கொடுங்கள், 70/182 ஆகி 0.38க்கு இறங்கிவிடும்.

அப்புறம் மண்டபத்தில் 60 பேரோடு ஒப்பிடுவதாக இருந்தால் அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள், ஆள் கூடினால் அது பெரும்பாலும் குறையத்தான் செய்யும். ஒருவருக்குச் சராசரி எத்தனை தொடர்பு என்றும் பாருங்கள்.