நிலாவெளி வீதியில் மோதிவிட்டு ஓடிய லொறி: ஓட்டுநர் பிடிபட்டுவிட்டார், தண்டனை நிச்சயமா?

கேள்வியின் சுருக்கம்: திருகோணமலை நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பக்கம் இரவு ஒன்பது மணிபோல் நடந்து வந்த சித்தப்பாவை ஒரு பட்டா லொறி (சின்ன லொறி) மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் இறந்துவிட்டார். மூன்றாம் நாள் லொறியும் பிடிபட்டது, ஓட்டுநரும் பிடிபட்டார். ‘ஓடினவனுக்கு வேறு சாட்சி எதற்கு, உள்ளே போவது உறுதி’ என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்:

உறுதி இல்லை. ஓடியது ஒரு குற்றம், மரணத்தை விளைவித்தது இன்னொரு குற்றம். முன்னதை நிரூபித்தால் பின்னது தானாக நிரூபணமாகாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஆள்தான் பிடிபட்டாச்சே’ என்று குடும்பம் ஓய்ந்துவிடுவதால்தான் இப்படியான வழக்குகள் பாதியில் சறுக்குகின்றன.

குற்றப்பத்திரத்தில் வழக்கமாக நாலு விடயம் இருக்கும். தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவு: கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், சட்டப்படி 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். மற்ற மூன்றும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வருபவை. 151(3) கவனயீனமாக ஓட்டியது, 149(1) விபத்தைத் தவிர்க்கத் தவறியது, 161 நிறுத்தாமலும் உதவாமலும் பொலிஸுக்கு அறிவிக்காமலும் போனது. கடைசியானதை நிரூபிப்பது இலகு. பாரம் முழுவதும் 298இல்தான்.

ஓடியதற்குப் பெறுமதியே இல்லை என்று சொல்லவில்லை. சம்பவத்துக்குப் பின் ஒருவர் நடந்துகொண்ட விதம் சாட்சியக் கட்டளைச்சட்டம் 8ஆம் பிரிவின்படி பொருத்தமான விடயம், நீதவான் அதைக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் எதிரித் தரப்பிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்திடம், இரண்டு பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, ‘நின்றிருந்தால் சனம் அடித்துக் கொன்றிருக்கும், அந்தப் பயத்தில் போனேன்.’ எங்கள் பக்கத்து வீதிகளில் இதை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. மற்றது, ‘மாட்டில் அடிபட்டது என்று நினைத்தேன்.’ நிலாவெளி வீதியிலும் கந்தளாய் வீதியிலும் இரவில் மாடு படுத்துக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டாவது கதையை உடைப்பது வாகனத்தின் உடம்புதான். கண்ணாடி வெடிப்பில் சிக்கிய தலைமுடி, பம்பர் இடுக்கில் சேர்ட்டு நூல், அடுத்த நாள் காலையிலேயே கராஜில் டிங்கரிங் வேலைக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு, இவைதான் பேசும். மாடு என்று நம்பியவர் வேறு ஊர்க் கராஜைத் தேடிப் போகமாட்டார்.

வழக்குத் தொடுநர் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள் மூன்று: எந்த வாகனம், யார் ஓட்டியது, எப்படி ஓட்டினார்.

வாகனம் பெரும்பாலும் சிக்கலில்லை. றோட்டில் கிடக்கும் ஹெட்லைட் துண்டிலேயே தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் உதிரிப்பாக இலக்கமும் பொறித்திருக்கும், மொடல் எது என்று அதிலிருந்தே பிடிக்கலாம். துண்டும் லொறியில் எஞ்சியிருக்கும் பகுதியும் விளிம்புக்கு விளிம்பு பொருந்தினால் அதைவிட வலுவான சான்று கிடையாது. பெயின்ற் சீவல் அடுக்கடுக்காக ஒப்பிடப்படும், திரும்பப் பெயின்ற் அடித்த வாகனத்தில் அடுக்கு கூடுதலாக இருப்பதே ஓர் அடையாளம். இதெல்லாம் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போய் அறிக்கை வர மாதங்கள் எடுக்கும். இங்கே கெடுவது பொதி கட்டும் விதத்தில். இறந்தவரின் உடுப்பை ஆஸ்பத்திரியில் வாங்கி வந்து ‘இரத்தமாக இருக்கிறது’ என்று கழுவிவிடுவார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டினாலும் பூஞ்சணம் பிடித்துப் பயனற்றுப்போகும். நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் போட்டு, செருப்பையும் சேர்த்து பொலிஸில் கொடுத்து, கொடுத்ததைப் பதியச் செய்யுங்கள்.

அடுத்தது ஓட்டியவர். அதிகம் வழுக்குமிடம் இது. ‘நான்தான் ஓட்டினேன்’ என்று அவர் பொலிஸில் சொன்னது சாட்சியக் கட்டளைச்சட்டம் 25ஆம் பிரிவின்படி வழக்கில் ஏற்கப்படாது. ‘லொறியை இன்ன கொட்டிலில் மறைத்து வைத்திருக்கிறேன்’ என்று சொல்லி, அது அங்கே கிடைத்திருந்தால், கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய அந்தப் பகுதி மட்டும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி உள்ளே வரும். மறைத்த இடம் தெரிந்திருந்தது என்பதற்கு அது போதும், ஸ்டியரிங் பிடித்தது அவர்தான் என்பதற்குப் போதாது. லைசன்ஸ் உள்ள இன்னொருவரைக் கூட்டிவந்து சரணடைய வைக்கும் வேலையும் நடக்கும். அதனால் லொறிச் சொந்தக்காரரின் வாக்குமூலம், அன்று சரக்கு ஏற்றிய கடையின் பற்றுச்சீட்டு, கைத்தொலைபேசி கோபுரப் பதிவு, வழியில் பெற்றோல் அடித்த இடத்தின் கமரா ஆகியவை முக்கியம். கண்ணால் கண்டவர் இருந்தால் அடையாள அணிவகுப்பு நடக்கும். அதற்கு முன் சந்தேகநபரின் படத்தை முகநூலில் போட்டு ‘கொலைகாரன்’ என்று எழுதினால் சாட்சி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் காட்டினார் என்று எதிரித் தரப்பு வாதாடும். உறவுக்காரப் பிள்ளைகளுக்கு இதை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, கவனயீனம். காய்ந்த தார் றோட்டில் 20 மீற்றர் பிறேக் தடம் இருந்தால், உராய்வு 0.7 என்று எடுத்தால், பிறேக் பிடிக்கும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர். தடமே இல்லாவிட்டால் அவர் பிறேக் பிடிக்கவேயில்லை, அல்லது வாகனத்தில் ஏபிஎஸ் (சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் பிறேக் அமைப்பு) இருக்கிறது. இதை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்துச் சொல்லவேண்டும். இரவில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 60இல் வருபவர் ஆளைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்றால் அதற்குள் 25 மீற்றர் போய்விடும், நிற்க இன்னொரு 20. மொத்தம் 45. இருண்ட நிற உடுப்போடு நடப்பவர் டிம் வெளிச்சத்தில் சுமார் 30 மீற்றரில்தான் தெரிவார். ‘தெரியும்போது நேரம் கடந்துவிட்டது, யாராலும் தவிர்த்திருக்க முடியாது’ என்று எதிரித் தரப்பு இதையே வைத்து வாதாடும். வழக்குத் தொடுநரும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம்: 30 மீற்றர்தான் தெரியுமென்றால் 60இல் ஏன் வந்தாய்? 40இல் வந்திருந்தால் 26 மீற்றரில் நின்றிருக்கும். அதனால் சித்தப்பா போட்டிருந்த உடுப்பின் நிறம், கையில் ரோர்ச் இருந்ததா, கரையில் நடந்தாரா குறுக்கே கடந்தாரா, அவ்விடத்து வீதி விளக்கு அன்று எரிந்ததா என்பவை சின்ன விடயங்கள் இல்லை. விளக்கு அடுத்த வாரம் திருத்தப்பட்டால் அன்றைய இருட்டை நிரூபிப்பது கஷ்டம். அதே நேரத்தில், அதே இடத்தில் இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

ஓட்டுநர் குடித்திருந்தாரா என்பதை மறந்துவிடலாம். சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் கழித்துவிடும். மூன்றாம் நாள் பரிசோதித்து ஒன்றும் வராது. ஓடுபவர்களில் பலர் ஓடுவதே இதற்காகத்தான் என்பது என் எண்ணம். மதுச்சாலை பில்லோ சேர்ந்து குடித்தவரின் சாட்சியோ கிடைத்தால்தான் உண்டு.

சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனையில் கேட்டறிய வேண்டியது, காலில் பம்பர் பட்ட காயம் குதிக்காலிலிருந்து எத்தனை சென்றிமீற்றர் உயரம் என்பது. லொறி பம்பரின் உயரத்தோடு அது ஒப்பிடப்படும். பிறேக் பிடித்த வாகனத்தின் மூக்கு தாழும், காயமும் கீழே வரும். அடிபட்டவரைத் திருகோணமலையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றி, அங்கே சில நாள் இருந்து நியூமோனியாவில் இறந்திருந்தால், விபத்துக் காயமே மரணத்துக்குக் காரணம் என்ற தொடர்பு அறிக்கையில் தெளிவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் அந்த இடைவெளிக்குள்தான் புகுவார்கள்.

எங்கள் மாவட்டத்தில் உள்ள இன்னொரு சிக்கல் வாக்குமூலத்தின் மொழி. நீதிமன்றம் தமிழில் நடக்கும், பொலிஸில் எழுதுபவர் சிங்களத்தில் எழுதுவார், சாட்சி விளங்காமல் கையெழுத்து வைப்பார். இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ‘வெள்ளை லொறி’ என்பார், பொலிஸ் புத்தகத்தில் ‘வெளிர் நிற வாகனம்’ என்று இருக்கும். அந்த வாக்குமூலத்தை முரண்பாடு காட்டப் பயன்படுத்த எதிரிக்கு உரிமை உண்டு. தமிழில் பதியக் கேளுங்கள். முடியாவிட்டால், கையெழுத்துக்கு முன் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கமராப் பதிவு பல கடைகளில் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அழிந்து மேலே புதியது ஏறும். பொலிஸ் வரும்வரை பார்த்திராமல், அழியாமல் வைக்கும்படி கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், கமரா மணிக்கூடு உண்மை நேரத்திலிருந்து எவ்வளவு பிந்தியது என்பதையும் குறியுங்கள். இதை விளக்கத்தில் (நீதிமன்றத்தில் சாட்சி எடுக்கும் விசாரணையில்) காட்ட 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விளக்கத் தவணைக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். இந்த அறிவித்தல் கொடுபடாமல் நல்ல பதிவு வெளியே நின்றுபோவதுண்டு. வழக்கை நடத்துவது பொலிஸ் என்றாலும், குற்றவியல் நடபடிமுறைச் சட்டம் 260ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்ட தரப்புக்குச் சட்டத்தரணி வைக்க உரிமை உண்டு. அவருடைய பெரிய வேலையே இப்படியான திகதிகளைப் பொலிஸுக்கு நினைவூட்டுவதுதான்.

பிணை கொடுத்துவிட்டார்களே என்று இடிந்துபோகாதீர்கள். விளக்கமறியல் தண்டனை அல்ல, 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தில் பிணைதான் பொது விதி. தலைமறைவாகும் ஆபத்து அல்லது சாட்சிகளைக் குழப்பும் ஆபத்து என்பதைச் சட்டத்தரணி முன்வைக்கலாம், ஏற்கனவே ஓடியவர் என்பதற்கு அங்கே நல்ல பெறுமதி உண்டு.

தண்டனையைப் பற்றி அளவாக எதிர்பாருங்கள். 298இல் 5 வருடம் வரை என்று இருந்தாலும், நீதவான் நீதிமன்றத்தின் பொதுவான சிறை எல்லை 2 வருடம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒத்திவைத்த சிறை, தண்டப்பணம், சாரதி அனுமதிப்பத்திரத் தடை, குற்றவியல் நடபடிமுறைச் சட்டம் 17(4)இன்படி நட்டஈடு என்று முடிவது சாதாரணம். விடுதலையானால் குடும்பம் தானாக மேன்முறையீடு செய்யமுடியாது, சட்டமா அதிபரின் எழுத்து அனுமதி வேண்டும். காலக்கெடு 14 நாள்தான், தீர்ப்பு வந்த அன்றே கடிதம் போகவேண்டும்.

செத்த வீட்டுச் செலவுக்கு என்று எதிரித் தரப்பு காசோடு வந்தால் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். 298 பொலிஸ் வழக்கு, நீங்கள் கையெழுத்து வைத்தாலும் மூடுபடாது. ஆனால் ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்ற வரியுள்ள கடதாசி நட்டஈட்டு வழக்கைக் கொன்றுவிடும். அந்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகப் போடுவது, சம்பவத்திலிருந்து 2 வருடத்துக்குள். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த இரண்டு வருடத்தைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். லொறியின் காப்புறுதிச் சான்றிதழ் பிரதி, சித்தியின் விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சித்தப்பாவின் வருமானத்தைக் காட்டும் எதுவாயினும், மீன் விற்ற துண்டாக இருந்தாலும் சரி, இந்த மாதமே ஒரு கோப்பில் போட்டுச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.