கேரளா போகும் தக்காளியில் கழிவு விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். சந்தையில் என் சரக்கைக் கேரள வியாபாரிகள்தான் எடுக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் பழம் நசுங்கி ஒழுகுவதாகச் சொல்லி அடுத்த பறிப்பில் விலையைக் குறைக்கிறார்கள். காயாகவே பறித்தால் சரியாகுமா?

பதில்: முழுக் காயாக வேண்டாம், செங்காயில் பறியுங்கள். பூ இருந்த அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்துவிடலாம். தக்காளி செடியை விட்டு வந்த பிறகும் பழுக்கும். நம் வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் நன்றாகச் சிவந்துவிடும். மறையூர், மூணாறு மலைப்பாதையில் குலுங்கிப் போகும் சரக்குக்கு அந்த இறுக்கம் வேண்டும்.

இன்னும் பச்சையாகக் கேட்டால் இரண்டு காயைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதை கத்தியில் சிக்காமல் கொழகொழப்பில் நழுவினால் முற்றிய காய், அது பழுக்கும். விதையும் சேர்ந்து அறுபட்டால் பிஞ்சு. அதைப் பறித்தால் நிறம் அரைகுறையாக வரும், ருசி வராது.

அப்புறம் காம்பு. நசுங்கல் என்று கழிப்பதில் பல, காம்பு குத்திய ஓட்டையாகத்தான் இருக்கும். காம்பைக் கிள்ளிவிட்டுப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பறிப்புக் கூலி கொஞ்சம் கூடும். ஆனால் குத்துப்பட்ட ஒரு பழம் ஒழுகினால் கீழே உள்ளதெல்லாம் நனைந்து அழுகுமே! 14 கிலோ பெட்டியை விளிம்புக்கு மேல் குவிக்கவும் வேண்டாம். அடுக்கும்போது மேல் பெட்டியின் பாரத்தைப் பெட்டிதான் தாங்க வேண்டும், பழம் தாங்கக் கூடாது. எடை குறைகிறது என்று வியாபாரி கும்பாரமாகக் கேட்டால், எடை போட்டுக் காட்டி விலை பேசுங்கள்.

பனி காய்ந்த பிறகு காலையிலேயே பறித்து, பெட்டிகளை மர நிழலில் வையுங்கள். பழத்தைக் கழுவாதீர்கள். காலிப் பெட்டியைக் கழுவுங்கள். போன தடவை ஒழுகிய சாறு அதில் காய்ந்து ஒட்டியிருக்கும்.

வயலைக் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். சொட்டுநீர் இருந்தால் அளவாக, விடாமல் கொடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டாலும் பழம் இறுக்கமில்லாமல் போகும். பறிப்பதற்கு முன் மருந்து அடிக்க நேர்ந்தால், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடியிலேயே சிவந்துவிட்ட பழத்தைக் கேரளப் பெட்டியில் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்துச் செங்காயையும் வேகமாகப் பழுக்க வைக்கும். அதைத் தனியே எடுத்து மறுநாள் காலை உழவர் சந்தையில் விற்றுவிடுங்கள். அன்றைக்கே சமைக்க வாங்குகிறவர்கள் பழமாகத்தான் கேட்பார்கள்.