கண் தானத்துக்குப் பதிவு செய்துவிட்டால் போதுமா? இறந்த பிறகு உண்மையில் என்ன நடக்கும்?

போதாது. பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் நீங்கள் இறந்த அன்று வீட்டில் இருக்கும் யாராவது கண் வங்கிக்கு போன் போட வேண்டும், நெருங்கிய உறவினர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது நடந்துவிட்டால் பதிவு அட்டை இல்லாமலே தானம் நடக்கும். நடக்காவிட்டால் அட்டை பர்ஸிலேயே கிடக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கண் தானமும் உறுப்பு தானமும் வேறு வேறு வழியில் நடப்பவை. வீட்டில் சாதாரணமாக இறந்தவருடைய கண்ணை எடுக்கலாம்; கிட்னியையோ கல்லீரலையோ எடுக்க முடியாது. இதயம் நின்று ரத்த ஓட்டம் போன கொஞ்ச நேரத்திலேயே அவை கெட்டுவிடும்.

கண்ணை எடுக்க, இறந்ததிலிருந்து 6 மணி நேரம் இருக்கிறது. வயது வரம்பு கிடையாது. கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர் எல்லாரும் தரலாம். எய்ட்ஸ், ஹெபடைடிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் கிருமி பரவி இறந்தது போன்றவற்றில் மட்டும் அடுத்தவருக்குப் பொருத்த மாட்டார்கள். அதைப் பார்க்கத்தான் வருகிறவர்கள் கொஞ்சம் ரத்தமும் எடுத்துப் போகிறார்கள். அவர்கள் வரும் வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். காற்று பட்டால் கண் காய்ந்துவிடும்.

மேலூர் பக்கம் எங்கள் அப்பத்தா இறந்தபோது இதெல்லாம் சுலபமாகத்தான் நடந்தது, பெரியப்பா வாய் திறக்கும் வரை. "ஏண்டா தம்பி, ஆத்தாவைக் கண்ணில்லாமயா அனுப்பப் போறீங்க? அடுத்த பிறவியில என்ன ஆகும்?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். கேத வீட்டில் மூத்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை மீறிக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிவு வராது. அத்தைதான் பேசினார்: "அண்ணே, ஆத்தா நம்ம எல்லார் முன்னாடியும் சொன்னதுதானே, கொடுத்துட்டுப் போறேன்னு?" அப்பத்தா அப்படி ஊரறியச் சொல்லிவைத்திருந்ததால் தப்பித்தோம். என்னைக் கேட்டால் ஆன்லைன் பதிவைவிட அதுதான் முக்கியம். மனைவியிடம் மட்டும் காதோடு சொல்லிவைத்தால் பத்தாது. வீட்டுப் பெரியவர்களும் இருக்கும்போது சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து வந்தவர்கள் அறையை விட்டு எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். இருபது நிமிட வேலை. பெரும்பாலும் முழுக் கண்ணையும் எடுப்பதில்லை. முன்பக்கம் இருக்கும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழிப் படலத்தை மட்டும் எடுத்து, இமைக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து மூடிவிடுகிறார்கள். முகத்தில் வித்தியாசம் தெரியாது. பெரியப்பா கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நீர்மாலைக்கே கிளம்பினார்.

அந்தப் படலத்தை, ஆரோலேப் என்ற நிறுவனம் தயாரிக்கும் கார்னிசால் போன்ற பாதுகாப்புத் திரவத்தில் இரண்டு வாரம் வரை வைத்திருக்கலாம். யாருக்குத் தேவைப்படுகிறது என்றால், நம் பக்கத்தில் நிறைய விவசாயிகளுக்கு. கதிர் அடிக்கும்போது தூசி பட்டோ, கரும்புச் சோகை கீறியோ, கண்ணில் பூஞ்சைப் புண் வந்து கருவிழி வெளுத்துவிடும். (அதற்குமேல் பச்சிலைச் சாறு பிழிந்து விடும் வைத்தியர்கள் வேறு.) இப்படிக் கருவிழி கெட்டவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை. கண்நீர் அழுத்த நோயாலோ (கிளாக்கோமா) விழித்திரைக் கோளாறாலோ பார்வை போனவர்களுக்கு உதவாது.

சரி, உறுப்பு தானம். இதற்கு மூளைச்சாவு, அதாவது மூளை நிரந்தரமாகச் செயலிழப்பது, நிகழ்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர், அல்லது மூளைக்குள் ரத்தம் கசிந்தவர். ஐசியூவில் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும், மானிட்டரில் துடிப்பு ஓடும். இவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்? கோமாவிலிருந்து மீளலாம், மூளைச்சாவிலிருந்து மீள முடியாது. அதை உறுதிசெய்யச் சோதனைகளைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்கிறார்கள். வென்டிலேட்டரிலிருந்து கழற்றி ரத்தத்தில் கரியமில வாயு ஏறவிட்டு, தானாக ஒரு மூச்சாவது இழுக்கிறாரா என்று பார்ப்பதும் அதில் உண்டு. நான்கு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பைப் பொருத்தும் டாக்டர்கள் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் இது.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரியின் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் குடும்பத்திடம் பேசுவார். சம்மதித்தால் அரசின் காத்திருப்போர் பட்டியல்படி உறுப்புகள் போகும். யாருக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள், பணப் பேச்சே கூடாது. இதயமும் நுரையீரலும் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். கிட்னி ஒரு நாளைத் தாண்டியும் தாங்கும். விபத்து என்றால் போலீஸ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் உண்டு, அதனால் உடல் கைக்கு வர நேரமாகும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 2008இல் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகுதான் தமிழ்நாட்டில் இது வீடுவரை பேச்சாகியது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. கிராமங்களில் தயங்குகிற சொந்தக்காரர்களை அது ஓரளவு மாற்றியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்து திசு தானம். திசு என்றால் தோல், எலும்பு, இதய வால்வு. இவற்றை இதயம் நின்ற பிறகும் எடுக்கலாம். தோலைத் தொடை, முதுகுப் பகுதிகளிலிருந்து மெல்லிய மேல்படலமாக எடுத்து, தீக்காயம் பட்டவர்களுக்குப் போர்த்துகிறார்கள். ஆனால் பக்கத்தில் தோல் வங்கி இருந்தால்தான் நடக்கும்.

முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குத் தருவது இவற்றிலிருந்து தனி. அது மாணவர்கள் உடற்கூறு படிக்க. கண்ணைக் கொடுத்த பிறகும் உடலைக் கொடுக்கலாம். போஸ்ட்மார்ட்டம் ஆன உடலையும் உறுப்புகள் எடுத்த உடலையும் பொதுவாக வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்த எண்ணம் இருந்தால் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்கூட்டியே கேட்டுப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள்.