வைஃபை இருக்கக் கேபிள் எதற்கு?

கேள்வி: கும்பகோணத்தில் தரைத்தளமும் மாடியுமாக வீடு கட்டி வருகிறோம். மின் வேலைக்காகச் சுவரில் காடி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் என் மகன், அறைக்கு அறை நெட்வொர்க் கேபிள் வேண்டும் என்கிறான். வைஃபை இருக்கும்போது அது வீண் செலவு என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் சொல்வதே சரி; ஆனால் அறைக்கு அறை வேண்டியதில்லை. கைப்பேசிக்கு எப்படியும் வைஃபைதான். இடம்விட்டு நகராத தொலைக்காட்சி, மகனின் மேசைக் கணினி, வாசல் கேமரா, மாடியில் வைக்கப்போகும் வைஃபை கருவி ஆகியவற்றுக்கு மட்டும் கேபிள் இழுத்தால் போதும்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கீழே கூடத்தில் இருக்கும் ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது பெரிதும் வலுவிழந்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிட நன்றாக ஊடுருவும் என்றாலும், ஒன்றன்மேல் ஒன்று படாத தடங்கள் (சேனல்கள்) அதில் 1, 6, 11 என மூன்றே இருப்பதால், அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களோடு நெரிசல் ஏற்படுகிறது. வீட்டில் ஆங்காங்கே வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவிகள் வாங்கினாலும், அவை காற்றுவழியாகவே தங்களுக்குள் தொடர்பு கொண்டால் அதே தளத்தைத்தான் கடந்தாக வேண்டும். மாடிக் கருவிக்குக் கேபிள் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதாவது, நல்ல வைஃபை வேண்டுமென்றாலே ஒரு கேபிளாவது வேண்டும்.

கேட் 6 கேபிள் வாங்குங்கள். அது 100 மீட்டர் வரை நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று, அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிளை வாங்கிவிடாதீர்கள். உள்ளிருக்கும் கம்பி ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். முழுச் செம்பு என்றால் உள்ளேயும் செந்நிறமே. கேமராவுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரம் கொடுப்பதானால் அலுமினியக் கம்பி கூடுதலாகச் சூடேறும்.

கேபிளைவிட முக்கியமானது அது போகும் பைப். மின்கம்பிகள் செல்லும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் முற்படலாம். 230 வோல்ட் கம்பியோடு இது சேர்ந்து போவது இரைச்சலுக்கு மட்டுமல்ல, ஆபத்துக்கும் இடம். தனியாக 25 மி.மீ. பைப் போட்டு, திருப்பங்களில் எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவுகளைப் பொருத்தச் சொல்லுங்கள். இப்போது பணம் இடிக்கிறது என்றால், இழுகம்பியை உள்ளே விட்டு வெறும் பைப்பை மட்டுமாவது பதித்துவிடுங்கள். கேபிளை எப்போது வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். எல்லாப் பைப்புகளும் ரவுட்டர் இருக்குமிடத்தில் வந்து சேரட்டும். அங்கே இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் ஒன்றும் இருக்கட்டும். பூச்சு வேலைக்கு முன், பைப் போகும் சுவர்களை அளவு நாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு ஆணி அடிப்பவர்கள் அதன்மேல் துளையிடாமல் இருப்பார்கள்.