ரொட்டி மாவு வைக்கும் லினன் துணியைத் துவைக்கலாமா? மாவு ஒட்டாமல் இருக்க என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் பக்கம். நீள ரொட்டி சுடப் பழகுகிறீர்கள். உருட்டிய மாவை லினன் துணியில் உப்ப வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழிகிறது. துணியில் புளித்த வாடையும் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் பார்க்கிற வீடியோவிலெல்லாம் "துவைக்கவே கூடாது" என்கிறார்கள்.

நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். ஒன்பது வருடமாக வீட்டில் ரொட்டி சுடுகிறேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே கடல் காற்றுதான், அதனால் என் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். துணியை ஈரமாக்கி விரிக்கிறீர்களா? நான் தொடக்கத்தில் அதைத்தான் செய்தேன். இட்லித் துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் போட்டே பழகிய கை. இட்லி வெந்த பிறகுதான் துணியிலிருந்து பிரிகிறது, அதற்கு ஈரம் உதவும். ரொட்டி மாவு பச்சையாகவே துணியை விட்டு வர வேண்டும். அதற்கு ஈரம் கூடவே கூடாது. லினன் நூல் மாவின் மேற்பரப்பில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது மாவின் மேல் மெல்லிய தோல் போல ஒன்று உண்டாகும். அந்தத் தோல்தான் ஒட்டாமல் பிரிகிறது, பிளேடால் கீறும்போது சுத்தமாகக் கீறவும் விடுகிறது. துணி ஏற்கெனவே நனைந்திருந்தால் அது எதை உறிஞ்சும்?

என் பெரியப்பா இங்கே ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைபவராக இருந்தவர். இந்தத் துணியை அவர் பிரெஞ்சில் சொல்வது போலவே 'கூஷ்' என்றுதான் சொல்வார். படுக்க வைப்பது என்ற பொருளிலிருந்து வந்த சொல். துணியை மடிப்பு மடிப்பாக எழுப்பி, இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு உருளையாகப் படுக்க வைப்பார். பக்கத்தில் அணை இருப்பதால் மாவு அகலமாகப் பரவாமல் மேலே எழும்பும். அந்த மடிப்பு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் விறைப்பான லினன். பழைய வேட்டியில் மடிப்பு சரிந்துவிடும், பஞ்சு இழையும் மாவில் ஒட்டும்.

எந்த வகை லினன் என்று நீங்கள் எழுதவில்லை. சட்டைக்கு விற்கும் லினன் என்றால் அது மெல்லியது, மடிப்பு நிற்காது. நான் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில், திரைச்சீலைக்கு விற்கும் கனமான லினனில் சாயம் போடாததாகக் கேட்டு வாங்கினேன். குறிஞ்சிப்பாடிக் கைலித் துணி உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், எனக்கும் பிடித்த நெசவுதான். ஆனால் சாயம் போட்ட துணி இந்த வேலைக்கு வேண்டாம். பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஓரத்தில் நாலைந்து நூல் உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாடையும் மெத்தென்ற சாம்பலும் வந்தால் சரி. உருகி மணி போல இறுகினால் கலப்படம், அது ஈரத்தை உறிஞ்சாது.

அப்புறம், ஒட்டுவதற்குத் துணி மட்டும் காரணமாக இருக்காது. வீடியோவில் "ஒரு மணி நேரம் உப்ப விடுங்கள்" என்பவர்களின் சமையலறை 24 டிகிரியில் இருக்கும். நம் சமையலறை மே மாதத்தில் 33 டிகிரி. எனக்கு 30, 35 நிமிடத்திலேயே ஆகிவிடுகிறது. அதைத் தாண்டினால் மாவு தளர்ந்து, பிசுபிசுத்து, எந்தத் துணியிலும் ஒட்டும். தண்ணீரும் அப்படித்தான். நம் மைதா அவர்கள் பயன்படுத்தும் மாவு அளவுக்குத் தண்ணீரைத் தாங்காது. 100 கிராம் மைதாவுக்கு 62, 63 கிராமில் தொடங்குங்கள், கை பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம். உருட்டி வைத்த பிறகும் தளதளவென்று இருந்தால், துணியோடு ஒரு தட்டில் வைத்துக் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இறுகிக்கொள்ளும், எடுப்பது சுலபம்.

துணியில் தூவ மைதா மட்டும் போதாது. பாதி மைதா, பாதி அரிசி மாவு. இடியாப்பத்துக்கு வறுத்து வைத்திருக்கும் மாவு இருந்தால் அதுவே நல்லது. அரிசியில் குளூட்டன் கிடையாது, அதனால் ஈரம் பட்டாலும் பசை போல இழுக்காது. தூவினால் மட்டும் போதாது, உள்ளங்கையால் தேய்த்து நெசவுக்குள் இறக்குங்கள். மேலே மிதக்கிற மாவு ரொட்டியோடு போய்ப் பல்லில் நறநறக்கும்.

இனி துவைப்பதற்கு வருகிறேன். "துவைக்காதே" என்பதில் நியாயம் இருக்கிறது. நெசவில் இறங்கிய மாவுதான் ஒட்டாமல் காக்கிறது. சோப்புத்தூள் வாசனை ரொட்டியில் ஏறும். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டால் நூலின் மேல் ஒரு படலம் படிந்து உறிஞ்சும் தன்மையே போய்விடும். ஆனால் அந்த அறிவுரை காற்று உலர்ந்த ஊர்களுக்குச் சரி. இங்கே துணி துவைக்காததால் கெடுவதில்லை, காயாததால்தான் கெடுகிறது. எனக்கு முதல் துணி போனது ஓர் ஐப்பசி மழையில். நன்றாகத்தான் உதறினேன், சுருட்டி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். பத்து நாள் கழித்துப் பிரித்தால் முழுக்கக் கரும்புள்ளி. பெரியப்பா கொடுத்த துணி அது. அன்றைக்கு மனசே ஆறவில்லை.

அதனால் இப்போது சுட்ட கையோடு துணியை வாசலில் உதறி, ஒட்டிய மாவு காய்ந்ததும் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி (ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் உள்ளே போய்விடும்), இரண்டு பக்கமும் வெயில் படக் கொடியில் போடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் கிடையாது. அப்போது மாவை நன்றாகத் தட்டிவிட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியை இருபுறமும் ஓட்டுகிறேன். மாவைத் தட்டாமல் இஸ்திரி போட்டால் கருகும். சூடு ஆறிய பிறகு, துணிக்கடைக்காரர் தூக்கிப்போடும் அட்டை உருளையில் சுற்றி, பருத்திப் பையில் போட்டு மாட்டிவிடுவேன். பிளாஸ்டிக் வேண்டாம். வண்டுக்குப் பயந்து வசம்போ அந்துருண்டையோ போட வேண்டாம், வாடை மாவுக்குப் போகும். வண்டு கண்ணில் பட்டால் துணியைப் பையில் கட்டி நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், முட்டை வரைக்கும் செத்துவிடும்.

உங்கள் துணியில் வாடை வந்துவிட்டதால் துவைத்தே ஆக வேண்டும். முதலில் காய்ந்த மாவைச் சுத்தமாகத் தட்டுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் மாவு வெந்து, துணியே கஞ்சி போட்டது போலப் பிசினாகிவிடும். மாவு முழுக்கப் போன பிறகுதான் வெந்நீர், அதில் பத்து நிமிடம் கொதிக்க விடலாம். சோப்பு வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். விரித்துக் காய வைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டால் பழைய விறைப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். வாடை போகாவிட்டாலோ கரும்புள்ளி விழுந்திருந்தாலோ, அந்தத் துணியில் இனி மாவு வைக்காதீர்கள்.

துவைத்த துணி புதுத் துணி மாதிரிதான். மறுபடி மாவு தேய்த்துப் பழக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று முறை அங்கங்கே ஒட்டும். அப்போது இழுக்காமல், ஓரத்தைப் பிடித்து மடிப்பை நீட்டி விரித்து, ஒரு மெல்லிய பலகையைப் பக்கத்தில் வைத்து மாவை அதன் மேல் புரட்டி எடுங்கள்.